சுவர் ஓட்டையா, தரைக் குழாயா?

முகத்துவாரத்தில் நிற்கும் மீன்பிடிப் படகுகளின் பக்கச்சுவரைப் பாருங்கள். தளத்தை ஒட்டி ஸ்கப்பர் என்ற ஓட்டைகள் இருக்கும்; ஏறிய அலை அதனூடாகத் திரும்பக் கடலுக்கே போய்விடும். கட்டடத்தில் மேல்தளத்து மழைத்தண்ணீர் வடிய அதையே கைப்பிடிச் சுவரின் அடியில் வைத்தால் அதுவும் ஸ்கப்பர்தான்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்தளத்தில், தளத்திலேயே வாய் வைத்துத் தண்ணீரைக் கீழே இறக்கும் தரைக் குழாய் மட்டும்தான் இருந்தது. பார்வைக்கு அழகு, சுவரில் கறை விழாது. ஆனால் ஒரு ஒக்டோபர் மழையில் ரெண்டு மாவிலையும் ஒரு ஷொப்பிங் பையும் அதன் வாயை அடைக்க, தண்ணீர் கணுக்கால் வரை நின்றது. 50 சதுர மீட்டர் தளத்தில் 10 சென்ரிமீட்டர் தண்ணீர் என்றால் 5 தொன் பாரம். சிலாப் தாங்குமா என்று இரவு முழுக்கப் பயம்.

சுவர் ஓட்டை அகலமானது, லேசில் அடைபடாது. ஆனால் தண்ணீர் சுவரில் வழிந்து பாசி பிடிக்கும். ஒரு துண்டுக் குழாயை வெளியே நீட்டிவிட்டால் சரி. பக்கத்து வீட்டு முற்றத்தில் விழாமல் பார்க்கவேண்டும்.

என்னைக் கேட்டால், குழாய் இருக்கட்டும்; தளத்திலிருந்து 5 சென்ரிமீட்டர் உயரத்தில் ஒரு ஓட்டையும் கட்டாயம் வையுங்கள். அதிலிருந்து தண்ணீர் கொட்டினால் குழாய் அடைத்துவிட்டது என்று கீழே நின்றே தெரிந்துவிடும்.