ஏன் கீழ்ப்படிகிறோம்? பத்துக் கட்டளைகள் ஒலிப்பாடத் தொடர் கேட்டபின்

சண்டே ஸ்கூலில் பத்துக் கட்டளைகள் சொல்லிக்கொடுக்கிறவர்கள் இந்தத் தொடரைக் கட்டாயம் கேளுங்கள். கட்டளைகளை மனப்பாடம் செய்யவைக்கும் பாடங்கள் ஏராளம். இவர்கள் அதற்கு முந்தின கேள்வியைக் கையில் எடுக்கிறார்கள். நாம் கீழ்ப்படிவது நரகத்துக்குப் பயந்தா, ஆசீர்வாதத்துக்கு ஆசைப்பட்டா, ஆண்டவர்மேல் உள்ள அன்பினாலா?

லூக்கா 15ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் உவமை: சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வரும் இளைய மகன், வீட்டிலேயே இருந்த மூத்த மகன். அந்த மூத்த குமாரனைப் பற்றிய பாடம் ஒன்றுக்காகவே இதைச் சிபாரிசு செய்வேன். பிரசங்கங்களில் எப்போதும் இளையவனைப் பற்றித்தான் பேச்சு. மூத்தவனோ, தகப்பன் சொல்லை ஒருக்காலும் மீறியதில்லை என்கிறான்; அதே மூச்சில், எனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடத் தரவில்லையே என்று கணக்குக் கேட்கிறான். கீழ்ப்படிதலில் குறையே இல்லை, ஆனால் தம்பி திரும்பி வந்த வீட்டுக்குள் நுழைய மனம் வரவில்லை. வசனம் ஒப்பித்தால் ஸ்டிக்கர் தருகிற நாம் இந்த இருவரில் யாரை வளர்க்கிறோம்? பாடம் முடிந்தும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஞானோபதேசங்களை, அதாவது விசுவாசத்தைக் கேள்வி பதிலாகக் கற்பிக்கும் கையேடுகளை, ஒப்பிடும் பாடமும் நன்று. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரின் சிறிய ஞானோபதேசம் (1529) கட்டளைகளை முதலில் வைக்கிறது. சீர்திருத்தச் சபைகளின் ஹைடல்பர்க் வினாவிடை (1563) அவற்றை மீட்புக்குப் பிறகு, நன்றியறிதல் என்ற மூன்றாம் பகுதியில் வைக்கிறது. கட்டளைகள் வரும் யாத்திராகமம் 20லும் எகிப்திலிருந்து விடுவித்தவர் நானே என்று சொன்ன பிறகுதானே முதல் கட்டளை வருகிறது! அதைப் பேச்சாளர் தொடாமல் போனது எனக்கு ஆதங்கம்.

பயத்தை மட்டும் அவசரமாகத் தள்ளிவிடுகிறார். பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும் என்று 1 யோவான் 4:18ஐ வாசித்துவிட்டு முடித்துக்கொள்கிறார். அப்படியென்றால் பிலிப்பியர் 2:12 சொல்லும் பயமும் நடுக்கமும் என்ன? தண்டனைக்கு அஞ்சும் அடிமையின் பயம் வேறு, தகப்பன் மனம் நோகுமே என்று அஞ்சும் பிள்ளையின் பயம் வேறு என்று இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே பிரித்துக் காட்டியிருக்கிறார். அதைச் சொல்லியிருந்தால் முடிச்சு அவிழ்ந்திருக்கும்.

தேவன் சொன்னபடி ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் ஆதியாகமம் 22 பாடம் பலவீனம். தேவன் கட்டளையிடுவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லது என்பதால் கட்டளையிடுகிறாரா என்று தொடங்குகிறார். கடைசியில் தேவனே தடுத்துவிட்டாரே என்று சமாதானம் சொல்லி நகர்ந்துவிடுகிறார். தடுக்கும் சத்தம் கேட்கும்வரை அந்தத் தகப்பன் எந்த நம்பிக்கையில் நடந்தான் என்பதுதான் கேள்வியே. அந்தப் பாடத்தைச் சிறுவர் வகுப்பில் போடாதீர்கள். ஆசிரியர்கள் முதலில் சேர்ந்து கேட்டு, ஆபிரகாமின் அந்த நம்பிக்கையைச் சொல்லும் எபிரெயர் 11:17 முதல் 19வரை வாசித்துப் பேசிக்கொள்ளுங்கள்.