மனை தேர்வுப் பாடத்துக்கு 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்': எதற்கு உதவும், எங்கே போதாது

வீடு கட்ட இடம் தேர்ந்தெடுக்கச் சொன்னால் படிவம் 4, 5 மாணவர்கள் எல்ஆர்டி நிலையம், பள்ளி, விலை என்றுதான் பட்டியல் போடுவார்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் வளர்ந்த கோலாலம்பூரில் முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியதாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தை உண்டாக்க, மலேசிய நீர்ப்பாசன வடிகால் துறையின் 'பப்ளிக் இன்ஃபோ பஞ்சிர்' என்ற வெள்ளத் தகவல் தளத்தைத் தயங்காமல் சிபாரிசு செய்யலாம். காசும் வேண்டாம், பதிவும் வேண்டாம்.

மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால் ஒவ்வோர் ஆற்று நிலையத்தின் இப்போதைய நீர்மட்டமும், அதற்குரிய வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்ற நான்கு அளவுகளும் மீட்டரில் வரும். அபாய அளவிலிருந்து வழக்கமான அளவைக் கழிக்கச் சொல்லுங்கள். ஆறு எவ்வளவு ஏறினால் ஆபத்து என்பது பிடிபடும். சாயங்கால இடிமழை அடிக்கும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களில் நீர்மட்டக் கோட்டு வரைபடத்தையும் திறந்து காட்டுங்கள். கோடு செங்குத்தாக ஏறுவதைப் பார்த்தால் நீண்ட விளக்கம் தேவைப்படாது. மழைப் பக்கத்தில் மணிக்கு 60 மி.மீ.க்கு மேல் என்றால் மிகக் கனமழை. ஒரு ஹெக்டேரில் 60 மி.மீ. என்பது 600 கன மீட்டர் தண்ணீர். தாரும் சிமெண்டும் மூடிய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) அதில் பெரும்பங்கு நேரே லோங்காங்குக்குத்தான் (சாக்கடை வடிகாலுக்குத்தான்) போகும்.

தளம் போதாமல் போவதும் இங்கேதான். நீர்மட்டம் வழக்கம் போல இருப்பதாகத் தளம் காட்டும் பச்சை நிறம் அந்த ஆற்று நிலையத்துக்கு மட்டுமே பொருந்தும். மண்ணும் குப்பையும் அடைத்த லோங்காங் வழிந்தால், ஆறு பச்சையில் இருக்கும்போதே வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். "ஸ்மார்ட் சுரங்கம் இருக்கிறதே" என்ற பதிலையும் அப்படியே விடக்கூடாது. 2007-இல் திறந்த அந்த 9.7 கிலோமீட்டர் சுரங்கம் கிள்ளான் ஆற்றின் மேல்பகுதி வெள்ளத்தைத் திருப்பிவிடுகிறது. கோம்பாக் பக்கம் பெய்த மழை அதற்குள் போவதில்லை.

மனையின் உயரத்துக்கு மாணவர்கள் கூகுள் எர்த்தைத் திறப்பார்கள். எது மேடு, எது பள்ளம் என்று பார்க்க அது போதும். ஆனால் செயற்கைக்கோள், ரேடார் உயரத் தரவுகளில் மரமும் கூரையும் கலந்து சில மீட்டர் பிழை வரும். வீட்டுக்குள் தண்ணீர் வருமா என்பதை அரை மீட்டரே தீர்மானித்துவிடும். அதனால் களத்துக்கு ஒரு டியூப் லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் நீர்க்குழாய்) கொண்டுபோக வேண்டும். 10 மீட்டர் தெளிவான குழாயில் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை லோங்காங் விளிம்பிலும் மறுமுனையை வீட்டுத் தரையிலும் நிறுத்தி, இரண்டு இடத்திலும் தரையிலிருந்து நீர்க்கோடு வரை அளந்து கழிக்க வேண்டும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி சிக்கினாலும் அளவு பொய்யாகும். விரலால் தட்டி வெளியேற்றிவிட்டுத்தான் படிக்க வேண்டும்.

'நூறாண்டு வெள்ளம்' என்றால் நூறு வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று எண்ணும் மாணவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடுங்கள். ஆண்டுக்கு 1% வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக்கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது வர 26% வாய்ப்பு.

தளத்தில் கிடைக்காத தகவல் அக்கம்பக்கத்து வீடுகளில் கிடைக்கும். கேட்டின் அடிப்பகுதியில் மட்டும் ஒரே உயரத்தில் துரு, இடுப்புக்கு மேலே ஏற்றிய பிளக் பாயிண்ட், வாசலில் பிறகு எழுப்பிய சிமெண்ட் தடுப்பு. இவற்றில் இரண்டு, ஒரே வரிசையில் பல வீடுகளில் தெரிந்தால், தளத்தில் எந்த நிறம் இருந்தாலும் அந்த மனையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.