வாட்ஸ்அப் தகவலா, கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டா?

மே, ஜூன் மாதங்களில் கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலைகளுக்கு ராத்திரி பகல் கிடையாது. தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். அப்படியொரு ஆலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் எட்டு சீசன் இருந்தவன் நான். ஒரு பிரச்சினை வந்தால் குரூப்பில் ரெண்டு வரி போட்டால் போதுமா, உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத வேண்டுமா என்று புதிதாக வரும் ஷிஃப்ட் இன்சார்ஜ்கள் எல்லோருமே கேட்பார்கள். எனக்கு இதில் தெளிவான கருத்து உண்டு. அது ஒரு ராத்திரியில் வந்தது.

அன்றைக்கு லைனைக் கழுவிவிட்டு மறுபடி ஓட்டினோம். பைப்பில் தங்கியிருந்த தண்ணீர் கூழோடு கலந்துவிட்டது. கூழின் இனிப்பு அடர்த்தியை, அதாவது பிரிக்ஸை, அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால் 12 காட்டுகிறது. தோத்தாபுரிக் கூழுக்குக் குறைந்தது 14 பிரிக்ஸ் வேண்டும். உடனே மேலாளருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "சார், கூழ் கொஞ்சம் தண்ணியா வருது. லைன நிறுத்திட்டோம். டிரம்மெல்லாம் தனியா வெச்சிருக்கோம்." ஓசூரில் இருந்தவர் ரெண்டே நிமிடத்தில், "சரி, நான் சொல்ற வரைக்கும் ஓட்டாதீங்க" என்றார். இந்த வேகம் எந்தப் படிவத்துக்கும் வராது. அந்த நேரத்தில் நான் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்திருந்தால் இன்னும் பத்து டிரம் வீணாகியிருக்கும்.

நான்கு மாதம் கழித்து, கூழ் வாங்கியவர்கள் கேட்டார்கள்: அன்றைய ஷிஃப்டில் எந்தெந்த டிரம் பாதிக்கப்பட்டது? என் மெசேஜில் இருந்தது "கொஞ்சம்", "டிரம்மெல்லாம்". நேரம் இல்லை, டிரம் எண் இல்லை. போதாததற்கு அந்த மெசேஜே இப்போது போனில் இல்லை. 90 நாளில் தானாக அழியும்படி யாரோ வைத்திருந்தார்கள். கடைசியில் குடோனில் மிச்சம் இருந்த அந்த ஷிஃப்டு டிரம்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். ஒரு டிரம்மில் சுமார் 215 கிலோ கூழ். டிரம்முக்குள் கிருமி நீக்கி அடைத்த பையை ஒருமுறை திறந்துவிட்டால் திரும்ப மூடி அடுக்க முடியாது. நன்றாக இருந்த கூழையும் எங்கள் கையாலேயே திறந்தோம். அந்த வலி இன்னும் எனக்குப் போகவில்லை.

அதற்காக முறையான அறிக்கை என்றாலே சரியாக இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. "பிரிக்ஸ் அளவில் குறைவு கண்டறியப்பட்டு உரிய நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது" என்று லெட்டர்ஹெட்டில் அடித்துக் கையெழுத்தும் போட்ட தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். யார் கண்டார், எத்தனை மணிக்கு, என்ன நடவடிக்கை? என் "கொஞ்சம்" செய்த அதே தவறை இது சட்டை போட்டுக்கொண்டு செய்கிறது. சொல்லப்போனால் வாய்ஸ் மெசேஜில் குறைந்தபட்சம் உண்மையான காரணமாவது வெளியே வரும். "வால்வ மூட மறந்துட்டேன் சார்" என்று போனில் சொல்லும் ஆபரேட்டர், அதையே தாளில் எழுதச் சொன்னால் "இயந்திரக் கோளாறு" என்பார். எழுதினால் மெமோ வரும் என்ற பயம்தான். அந்தப் பயத்தைப் போக்குவது மேலே இருப்பவர்கள் வேலை.

இன்னொன்று மொழி. எங்கள் பக்கம் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் வேலை செய்கிறார்கள். இந்திக்காரர்களும் இப்போது நிறைய. நடந்ததைப் பார்த்தவர் தன் பேச்சில் துல்லியமாகச் சொல்வார். அதை இன்சார்ஜ் ஆங்கிலத்தில் அறிக்கையாக்கும்போது பாதி விவரம் உதிர்ந்துபோகும். பார்த்தவர் சொன்னதை அவர் சொன்னபடியே முதலில் எழுதிக்கொண்டு, பிறகு மொழிபெயர்க்கலாம்.

அடிபட்ட விஷயத்தில் மட்டும் வாய்த்தகவலை நான் ஒப்பவே மாட்டேன். பழம் பிரிக்கும் இடத்தில் ஒரு அக்கா ஈரத்தரையில் வழுக்கி விழுந்தார். "லேசாதான், பரவால்ல" என்று குரூப்பில் ஒரு வரி. மூன்றாம் நாள் மணிக்கட்டு வீங்கி வேலைக்கு வர முடியவில்லை. அவர் இங்கேதான் விழுந்தார் என்று காட்ட அந்த ஒரு வரி போதவில்லை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாத காயம் என்றால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிப்பு போக வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆம் பிரிவிலேயே வந்துவிட்ட விதி. விழுந்த அன்றைக்கே எழுதாவிட்டால் அந்த 48 மணி நேரத்தை எங்கிருந்து எண்ணுவது? தினக்கூலிக்கு வரும் பெண்ணுக்கு அந்தத் தாள்தான் சாட்சி.

ஐஸ் வரவில்லை, லாரி தாமதம், நாளைக்கு ரெண்டு ஆள் குறைவு, இதெல்லாம் குரூப்பில் போட்டால் போதும். தரம், காயம், பணம் மூன்றில் ஒன்று கலந்திருந்தால் மெசேஜும் வேண்டும், ஷிஃப்ட் முடிவதற்குள் தாளும் வேண்டும். தாள் நீளமாக இருக்க வேண்டியதில்லை. "மேற்கண்ட பொருள் தொடர்பாக" வேண்டாம், "ஆவன செய்யுமாறு" வேண்டாம். அந்த ராத்திரி நான் லாக் புக்கில் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"இரவு 11.40. லைன் கழுவியபின் முதல் கூழ் 12 பிரிக்ஸ் (தேவை 14). பார்த்தது நான். 11.45க்கு நிறுத்தினோம். டிரம் 31 முதல் 36 வரை, ஆறும் சிவப்பு அட்டை கட்டித் தனியே வைத்தோம். பைப்பில் தண்ணீர் வடியுமுன் வால்வு திறக்கப்பட்டது. திறந்தவரிடம் கேட்டேன், வடிந்துவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னார். 11.50க்கு மேலாளருக்குச் சொன்னேன்."