பழைய உடலில் புது முகம்: கொண்டை ஊசி வளைவில் நின்று ஓர் ஒப்பீடு

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் வண்டியை ஓரங்கட்டி, மேலேறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்பவருக்கு ஒரு காரின் உருவம் முழுமையாகக் காணக் கிடைக்கிறது. முதலில் கீழ்ச்சாலையில் கூரையும் பானெட்டும் தெரிகின்றன. பிறகு முகப்பு நேரெதிரே வருகிறது. ஸ்டீயரிங்கை ஒடித்துத் திருப்பும்போது பக்கவாட்டு முழுவதும் மெல்லக் கண்முன் நகர்கிறது. கடைசியில் பின்விளக்குகள் மேல்வளைவில் ஏறி மறைகின்றன. காட்சிக்கூடத்தில் முகப்பை மட்டுமே பார்த்து மயங்கும் நாம், இங்கே அந்த முகப்பு எந்த உடலோடு சேர்ந்திருக்கிறது என்பதையும் பார்த்துவிடுகிறோம். ஒரு மாடல் விற்பனைக்கு வந்து சில ஆண்டுகள் கழித்துச் செய்யப்படும் ஃபேஸ்லிஃப்ட், அதாவது தோற்றப் புதுப்பிப்பு, அதன் அழகைக் கூட்டியதா, கெடுத்ததா என்று தீர்மானிக்க இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல், மே சீசனில் சமவெளியிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வரும் வண்டிகளுக்கிடையே ஒரே மாடலின் பழைய முகமும் புதிய முகமும் அடுத்தடுத்து ஏறிவரும் காட்சி சாதாரணம். பழைய கார் வாங்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்பதும் இதைத்தான்: ஃபேஸ்லிஃப்டுக்கு முந்தையதை எடுப்பதா, பிந்தையதை எடுப்பதா? எஞ்சினையும் விலையையும் பற்றிச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். தோற்றத்தைப் பற்றி மட்டும் நான் இங்கே சொல்கிறேன்.

முதலில், எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூரை, தூண்கள், கதவுகளைச் சுற்றியுள்ள பக்கச்சட்டம் ஆகியவை எஃகுத் தகட்டைப் பெரும் அச்சுகளில் அழுத்தி உருவாக்கப்பட்டு, ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டவை. அவற்றைத் தொட்டால் அச்சுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும், மோதல் சோதனைகளையும் மீண்டும் நடத்த வேண்டும்; அந்தச் செலவுக்குப் புதிய காரையே வடிவமைக்கத் தொடங்கிவிடலாம். பம்பர், முகப்பில் காற்று நுழையும் கிரில், விளக்குக் கூடு ஆகியவை பிளாஸ்டிக். அவற்றுக்கான வார்ப்பு அச்சுகள் ஒப்பீட்டளவில் மலிவானவை. பானெட்டும் முன் மட்கார்டும் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கின்றன: எஃகுதான், ஆனால் போல்ட் போட்டுப் பொருத்தப்பட்டவை. டிங்கரிங் பட்டறையில் அரைநாள் நின்றவர் எவரும் இதை அறிவார். ஆகவே ஃபேஸ்லிஃப்ட் செய்யப்பட்ட ஒரு காரில் ஹெட்லைட்டின் வெளிவரம்பு மாறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாறியிருந்தால் மட்கார்டும் பானெட்டும் மாறியிருக்கும், நிறுவனம் மனம்வைத்துச் செலவழித்திருக்கிறது என்று பொருள். வரம்பு அப்படியே இருந்து உள்ளே இருக்கும் விளக்கு மட்டும் புதிதாக இருந்தால், பழைய கூட்டுக்குள்ளேயே வேலை நடந்திருக்கிறது. இரண்டாவது வகை எப்போதும் மட்டமானது என்று நான் சொல்லவில்லை. அதில் மிக அழகாக அமைந்தவையும் உண்டு.

கட்டபெட்டிலிருந்து குன்னூருக்கு நாள்தோறும் சென்றுவரும் எனக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு. அது மூடுபனி தந்தது. சமவெளியின் கடும் வெயிலில் கதவுகளின் மடிப்புகள் நிழல் விழுந்து எடுப்பாகத் தெரியும். குரோம் பட்டைகள் பளபளக்கும். சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பனி இறங்கிய மாலையில் மடிப்புகளும் குரோமும் மங்கிப்போய் இரண்டே இரண்டு மிஞ்சுகின்றன: காரின் வெளிக்கோடும், அதன் விளக்குகளும். வெளிக்கோடு ஃபேஸ்லிஃப்டால் பெரும்பாலும் மாறாதது. விளக்குகளோ ஃபேஸ்லிஃப்ட் முதலில் கைவைக்கும் இடம். இவ்விரண்டும் ஒரே காரைச் சேர்ந்தவையாகத் தெரிகின்றனவா என்பதே என் கேள்வி. கீழே வரும் கார்களை இந்தக் கேள்வியைக் கொண்டே எடைபோடுகிறேன்.

பின்னால் தனி டிக்கி கொண்ட செடான்களில் தொடங்கலாம். 2003-இல் இங்கு வந்த ஹோண்டா சிட்டியில் எரிபொருள் தொட்டி முன் இருக்கைகளுக்கு அடியில் வைக்கப்பட்டிருந்தது. பயணிகள் பகுதி உயர்ந்தும் மூக்கு குட்டையாகவும் இருந்தன. உள்ளே தாராளமான இடம் கிடைத்தது. வெளியே, பெரிய தலைப்பாகைக்குக் கீழே சிறிய முகம்போல் இருந்தது. 2005-இல் வந்த சிட்டி இசட்எக்ஸில் கூரையைத் தொடாமல் மூக்கை நீட்டினார்கள். ஹெட்லைட்டும் பம்பரும் பெரிதாயின. உயர்ந்த கூரைக்கு ஈடாக முன்னால் நீளம் கிடைத்ததும் உடல் முழுவதும் சமநிலைக்கு வந்தது. குறை எங்கே இருந்ததோ அங்கேயே கைவைத்த திருத்தம் இது. பழைய சிட்டியும் இசட்எக்ஸும் ஒரே விலைக்கு வந்தால் தோற்றத்துக்காக இசட்எக்ஸைத் தயங்காமல் எடுக்கலாம்.

அதற்கு நேர்மாறானது 2010-இல் வந்த ஹூண்டாய் வெர்னா டிரான்ஸ்ஃபார்ம். 2006-இல் வந்த வெர்னா அடக்கமான, சற்றே உருண்ட கார். அதன் பக்கவாட்டில் கோபமோ வேகமோ எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. அந்த உடலின் முன்னால் அகன்ற காற்றுவாயும் கூர்மையான கிரில்லும் கொண்ட முகத்தைப் பொருத்தினார்கள். நேரெதிரே பார்க்கும்போது ஒரு காராகவும், வளைவில் திரும்பியதும் வேறொரு காராகவும் அது எனக்குத் தெரிந்தது. முன்சக்கரத்துக்கு முன்னால் இருந்த ஆவேசத்துக்குப் பின்சக்கரம் வரை எந்தப் பதிலும் இல்லை. இங்கே என் தேர்வு பழைய முகம்தான்.

அடுத்த தலைமுறை வெர்னா 2011-இல் வந்தது. அதன் கதவுகளில் தொடங்கிப் பின்விளக்கை நோக்கி ஏறும் மடிப்பும், பின்னோக்கி இழுக்கப்பட்ட ஹெட்லைட்டும் ஒரே கையெழுத்தில் எழுதியவைபோல் இருந்தன. 2015-இல் இதற்கும் ஃபேஸ்லிஃப்ட் வந்தது. கிரில்லில் இரண்டு கிடைமட்டக் குரோம் பட்டைகள் வந்தன, பம்பர் அமைதியானது. தனியாகப் பார்த்தால் அந்த முகத்தில் குறையில்லை. ஆனால் 2006-இன் உடலுக்கு வேண்டியிருந்த அமைதி 2011-இன் உடலுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் பக்கவாட்டின் முன்னால் நின்றுவிட்ட முகம். இங்கும் முந்தையதே மேல். அடுத்தடுத்த இரண்டு ஃபேஸ்லிஃப்டுகளில் ஒன்று அமைதியான உடலில் ஆவேசத்தையும், மற்றது ஆவேசமான உடலில் அமைதியையும் வைத்தது என்பது, வண்டிகளை இத்தனை ஆண்டுகளாகக் கூர்ந்து பார்த்துவரும் எனக்கு இன்னும் வருத்தம் தருகிறது.

டாடா நெக்ஸானைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரே உடலுக்கு மூன்று முகங்கள் கிடைத்திருக்கின்றன. 2017 செப்டம்பரில் வந்த முதல் நெக்ஸானின் கூரை பின்னால் சரிந்து இறங்கியது, ஜன்னல்களுக்குக் கீழே ஒரு வெள்ளைப் பட்டை வளைந்து ஓடியது, முகமும் உருண்டிருந்தது. பலருக்கு அந்தப் பட்டை பிடிக்கவில்லை. எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் பனியில் அந்தப் பட்டை ஒன்றே பக்கவாட்டின் வளைவைக் காட்டியதைக் கண்ட பிறகு கருத்தை மாற்றிக்கொண்டேன். 2020 ஜனவரியில் வந்த இரண்டாவது முகத்தில் பானெட் உயர்ந்தது, மூக்கு நிமிர்ந்தது. மோதலின்போது பாதசாரியின் தலை பானெட்டில் பட்டாலும் அதற்கடியில் உள்ள எஞ்சினில் இடிக்காதபடி இடைவெளி வேண்டும் என்ற பாதுகாப்பு விதிகள் இவ்வகை மாற்றத்துக்கு ஒரு காரணம். விதி விதித்த உயரத்தை வடிவமைப்பாளர்கள் நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்: மெலிந்த கிரில், அதனோடு ஒட்டிச் செல்லும் ஹெட்லைட், முன்னும் பின்னும் அம்புமுனை வடிவங்கள். முகம் நிமிர்ந்ததால் கார் பெரிதாகத் தெரிந்தது. ஆயினும் கூரைச் சரிவோடு உறவு அறுந்துபோகவில்லை.

2023 செப்டம்பரில் வந்த மூன்றாவது முகம் மிகத் துணிச்சலானது. மேலே பகலிலும் எரியும் மெல்லிய விளக்குக் கோடு. அசல் ஹெட்லைட்டோ பம்பருக்குள் இறங்கிவிட்டது. பின்னால் ஒரு விளக்குக் கோடு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை செல்கிறது. பின்கண்ணாடி வைப்பர், கூரையின் பின்விளிம்பில் நீட்டியிருக்கும் ஸ்பாய்லருக்கு அடியில் மறைந்துகொண்டது. கதவுகளும் கூரையும் 2017-இல் வந்தவையே. படத்தில் மட்டும் பார்த்துவிட்டு, வேறு காரின் முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றே நானும் எண்ணினேன். வளைவில் நின்று பார்த்தபோது அந்த எண்ணம் பாதிதான் சரி என்று தெரிந்தது. பின்புறத்தில் மாற்றம் முழு வெற்றி: உருண்ட கூரையின் முடிவுக்கு அந்தக் கிடைமட்டக் கோடு ஓர் அகலத்தைத் தருகிறது, பனியில் மேலேறிச் செல்லும் வண்டியை வெகுதூரம் வரை அடையாளம் காட்டுகிறது. முன்புறத்தில், நிமிர்ந்த கட்டையான முகத்திலிருந்து கண் கதவுக்கு நகரும்போது, மட்கார்டின் முடிவில் ஒரு தடுமாற்றம் உணரப்படுகிறது. முன்கதவின் உருண்ட மேற்பரப்பு இன்னும் 2017-இன் முகத்தையே எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

தோற்றத்தைத் தாண்டி ஒன்று சொல்ல வேண்டும். பனியில் ஓட்டுநரின் கண்மட்டத்துக்கு அருகில் எரியும் விளக்கின் ஒளி நீர்த்துளிகளில் பட்டுக் கண்ணுக்கே திரும்பி வரும். பனிவிளக்குகளைத் தாழ்வாக வைப்பது அதனால்தான். ஹெட்லைட் கீழே இறங்கியதில் இந்த அளவுக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் வளைவின் உட்புறக் கல்லில் முதலில் உரசுவதும் பம்பரின் அதே மூலைதான் என்பதை மலைவாசிகள் மறக்கக் கூடாது. மூன்றில் எது என்று கேட்டால், முன்னழகுக்கு 2020, பின்னழகுக்கு 2023, முழு உடலின் ஒருமைக்கு 2017 என்று நான் பிரித்துத்தான் சொல்வேன்; ஒன்றே ஒன்று என்றால் 2020.

ரெனோ டஸ்டர் இந்த மலைக்கு அளவெடுத்துச் செய்ததுபோன்ற கார். சென்னையை அடுத்த ஒரகடத்தில் தயாராகி 2012-இல் வந்தபோதே அதன் அழகு உப்பிய சக்கர வளைவுகளில்தான் இருந்தது. 2016 ஃபேஸ்லிஃப்ட் அவற்றைத் தொடவில்லை. கிரில்லைப் புதுப்பித்து, பின்விளக்குகளுக்குள் ஒளிக்கோடுகளை அடுக்கி வைத்தது, அவ்வளவே. பழைய கூட்டுக்குள் நடந்த வேலை அழகாகவும் அமையலாம் என்று முன்பு சொன்னதற்கு இதுவே சான்று. 2019-இல் பானெட்டை உயர்த்திப் பெரிய கிரில்லை வைத்தார்கள். பின்புறம் ஏறக்குறைய அப்படியே விடப்பட்டது. முன்னால் கனத்த கார், பின்னால் பழைய கார். கீழ்வளைவிலிருந்து ஏறிவரும்போது கம்பீரமாக இருக்கிறது. கடந்து சென்ற பின் அந்தக் கம்பீரம் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது.

மஹிந்திரா பொலேரோவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் பலமுறை முகம் மாறியும் அது கெடவில்லை, ஏனெனில் தட்டையான கதவுகளும் நேர்க்கோடுகளும் எந்தக் கட்டமான முகத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. ஒரு காலத்தில் ஊட்டி, குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டுகளில் வரிசையாக நின்ற அம்பாசடருக்கும் இது பொருந்தும். மார்க் என்று பெயரிட்டு அடுத்தடுத்து வந்த பதிப்புகளில் கிரில் மாறிக்கொண்டே இருந்தாலும் அதன் உருண்ட தோள்கள் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டன. ஸ்கார்ப்பியோவின் கதை வேறு. 2002-இன் கதவுகளையும் கூரையையும் வைத்துக்கொண்டே 2014-இல் முகத்தையும் பின்புறத்தையும் புதுப்பித்தபோது விளக்குகளில் தேவையற்ற நெளிவுகள் சேர்ந்தன. 2017-இல் ஏழு பிளவுகள் கொண்ட கிரில் வந்து ஓரளவு சரிசெய்தது.

சீசனில் அபூர்வமாகக் காணும் பிஎம்டபிள்யூ 7 சீரிஸையும் குறிப்பிட வேண்டும். 2015-இல் வந்த அந்தத் தலைமுறைக்கு 2019-இல் செய்த ஃபேஸ்லிஃப்டில் அதன் சிறுநீரக வடிவக் கிரில்லை ஏறத்தாழ 40 விழுக்காடு பெரிதாக்கினார்கள். நீண்டு மெலிந்த உடலுக்கு அது ஒவ்வாதது என்பதே என் முடிவு. செலவழிக்கப் பணமிருந்தும் அளவு தவறியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு நண்பர் 2016 டஸ்டர் ஒன்றையும் 2019 டஸ்டர் ஒன்றையும் விலை பேசிவைத்துவிட்டு என்னை அழைத்தார். இரண்டையும் மாலை ஐந்தரை மணிக்குச் சாலைக்குக் கொண்டுவந்து, விளக்குகளைப் போட்டுவிட்டு, முப்பது அடி தள்ளி முன்னும் பக்கமும் பின்னும் நின்று பார்க்கச் சொன்னேன். பனி அப்போதுதான் தேயிலைக்கு மேலே இறங்கத் தொடங்கியிருந்தது. அவர் இரண்டு வண்டிகளையும் மும்முறை சுற்றிவந்தார். பிறகு 2016 வண்டியின் பின்விளக்குக்கு அருகில் போய் நின்று, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.