கணினிக் கோளாறுக்கு இணையத்தில் உதவி கேட்கிறீர்களா? விண்டோஸின் சாட்சிக் கருவிகள்: நெடுநாள் பயன்பாட்டில் எது உதவுகிறது, எது ஏமாற்றுகிறது

"லேப்டாப் அடிக்கடி ஆஃப் ஆகுது, என்ன பண்ணலாம்?" என்று மொட்டையாகக் கேட்டால், "ரேமைக் கழற்றி மாட்டுங்க", "விண்டோஸை மாற்றிப் போடுங்க" என்றுதான் பதில் வரும். பதில் சொல்பவரைக் குறை சொல்ல முடியாது, அவர் கையில் வேறு எதுவும் இல்லை. அவருக்குக் கொடுக்க வேண்டிய தடயம் பெரும்பாலும் விண்டோஸுக்குள்ளேயே கிடக்கிறது. அதை எடுத்துத் தரும் கருவிகளில் எதை நம்பலாம், எது திசை திருப்பும் என்பது பல கோளாறுகளில் போட்டுப் பார்த்தால்தான் பிடிபடும்.

முதலில் திறக்க வேண்டியது ரிலையபிலிட்டி மானிட்டர். விஸ்டா காலத்திலிருந்து இருக்கிறது, ஆனாலும் பலர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஸ்டார்ட் மெனுவில் "ரிலையபிலிட்டி" என்று ஆங்கிலத்தில் தட்டினால் "வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி" வரும். நாள்வாரியாக ஒரு வரைபடம், கீழே சிவப்புக் குறிகள். ஒன்று முதல் பத்து வரை போடும் மதிப்பெண்ணைக் கண்டுகொள்ள வேண்டாம், அதை வைத்து எந்தக் கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது. அதன் உண்மையான பயன் தேதியில் இருக்கிறது. சிவப்புக் குறி தொடங்கிய நாளுக்கு முந்தைய ஓரிரு நாட்களின் தகவல் வரிசையைப் பாருங்கள்: எந்த டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்), எந்த அப்டேட், எந்த மென்பொருள் அன்று ஏறியது என்று இருக்கும். "எப்போதிலிருந்து இப்படி?" என்பதுதான் உதவுபவர் கேட்கும் முதல் கேள்வி. நினைவிலிருந்து சொல்லும் தேதி பெரும்பாலும் தப்பாகவே இருக்கும்.

இதிலும் ஒரு பொறி உண்டு. "ஹார்டுவேர் எரர்" என்ற தலைப்பில் "லைவ் கெர்னல் ஈவென்ட் 141" வந்தால், கிராஃபிக்ஸ் கார்டு போய்விட்டது என்று கடைக்கு ஓடுகிறவர்கள் அதிகம். கிராஃபிக்ஸ் சிப் பதில் சொல்லாமல் நின்றுபோனது என்பது மட்டுமே அதன் பொருள். டிரைவர் கோளாறு, அதிகச் சூடு, போதாத பவர் சப்ளை, ஓவர்கிளாக் (சிப்பை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது) எல்லாமே இதே எண்ணைத் தரும்.

அடுத்தது ஈவென்ட் வியூவர், விண்டோஸ் எழுதிவைக்கும் பதிவுகளைக் காட்டுவது. இதைத் திறந்தவுடன் ஆரோக்கியமான கணினியிலும் நூற்றுக்கணக்கில் சிவப்பும் மஞ்சளும் தெரியும். டிஸ்ட்ரிபியூட்டட் காம் 10016 என்ற பிழை எல்லா வீட்டிலும் இருக்கும், அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. அதைப் படமெடுத்துப் போட்டு "இதுதான் காரணமா?" என்று கேட்பது வீண். அதைவிட அதிகம் ஏமாற்றுவது கெர்னல் பவர் 41. "பவர்" என்று பெயரில் இருப்பதால் எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை) பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில், கடந்த முறை கணினி ஒழுங்காக நிறுத்தப்படவில்லை என்று மறுபடி எழுந்த பிறகு எழுதிவைக்கும் குறிப்பு அது. விளைவைச் சொல்கிறதே தவிர, காரணத்தை அல்ல.

ஆனால் அதே 41க்குள் ஒரு நல்ல தடயம் ஒளிந்திருக்கிறது. டீடெயில்ஸ் தாவலில் "பக்செக் கோடு" என்ற வரியைப் பாருங்கள். அங்கே 0 இருந்தால், விண்டோஸ் எதையும் பதிவு செய்ய நேரமில்லாமல் நின்றிருக்கிறது: கரண்ட் போனது, எஸ்எம்பிஎஸ் கைவிட்டது, அல்லது கணினி முழுவதும் உறைந்து பட்டனை அழுத்தி அணைத்தது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்திருந்தால் "பவர் பட்டன் டைம்ஸ்டாம்ப்" வரியில் பூஜ்யம் இருக்காது. பக்செக் கோடில் வேறு எண் இருந்தால் அது விண்டோஸ் விழும்போது வரும் நீலத்திரையின் எண்தான் (ஸ்டாப் கோடு). ஆனால் பதின்ம முறையில் (டெசிமல்) இருக்கும், பதினாறின் முறைக்கு (ஹெக்ஸ்) மாற்ற வேண்டும். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் மோடுக்கு மாற்றி 292 என்று போட்டால் ஹெக்ஸில் 124 வரும். அது ஹார்டுவேர் தரப்பில் எழுந்த, திருத்த முடியாத பிழை. 292 என்றே எழுதிக் கேட்டால் உதவுபவர் இல்லாத எண்ணைத் தேடிக்கொண்டிருப்பார்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்து, பக்செக் 0 வருகிறது என்றால், கணினியைத் திறப்பதற்கு முன் இன்வெர்ட்டரின் பின்புற ஸ்விட்சைப் பாருங்கள். நார்மல் மோடில் இருந்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் டெஸ்க்டாப் தாங்காத அளவுக்கு நீளலாம். மின்விசிறிக்கு அது தெரியாது, எஸ்எம்பிஎஸ்ஸுக்குத் தெரியும். யுபிஎஸ் மோடுக்கு மாற்றிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

நீலத்திரைக்கு மினிடம்ப் கோப்பை, அதாவது விழும் நேரத்தில் விண்டோஸ் எழுதிவைக்கும் சிறு பதிவை, விட்டால் வேறு சாட்சி இல்லை. இப்போதைய விண்டோஸ் 11இல் அந்தத் திரை கறுப்பாகிவிட்டது, சங்கதி அதேதான். பழைய நீலத்திரையில் வரும் கியூஆர் கோடு பொதுவான உதவிப் பக்கத்துக்குத்தான் போகும், எனவே திரையைப் படமெடுத்தால் ஸ்டாப் கோடும், "வாட் ஃபெயில்டு" என்று தெரியும் கோப்பின் பெயரும் தெளிவாக விழுந்தால் போதும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் அப்டேட்டால் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தபோது, ஸ்டாப் கோடும் சிஎஸ்ஏஜென்ட் என்ற டிரைவரின் பெயரும் திரையிலேயே இருந்தன. சேஃப் மோடில் போய் 291 எண் கொண்ட சேனல் கோப்பை (அந்த அப்டேட்டில் வந்த கோப்பு) அழிப்பது என்ற தீர்வு அன்றே பரவியது. அதற்கும் பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் வசதி) ரெகவரி கீ கையில் இல்லாதவர்கள் தவித்தார்கள்.

எல்லா நாளும் அப்படிப் பெயர் தெரியாது. அப்போது சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் ஃபோல்டர்தான் கதி. பலருக்கு அது காலியாக இருக்கும். பெரும்பாலும் மூன்று காரணங்கள். எஸ்எஸ்டி தேயாமல் இருக்கட்டும் என்று பேஜ்ஃபைலை (ரேமுக்குத் துணையாக டிஸ்கில் இருக்கும் கோப்பு) நிறுத்திவைத்திருப்பார்கள். சி டிரைவில் அது இல்லாவிட்டால் டம்ப் எழுத இடமில்லை. இரண்டாவது, டிஸ்க் கிளீனப் அல்லது அது போன்ற துப்புரவு மென்பொருள் அழித்திருக்கும். மூன்றாவது, கோளாறு டிஸ்கிலேயே இருந்தால் விழும் நேரத்தில் எழுத முடியாது. அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி, செட்டிங்ஸ் என்று போய் "ஸ்மால் மெமரி டம்ப்" என்று வைத்து, "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்துவிடுங்கள். திரையைப் படிக்க நேரம் கிடைக்கும்.

கோப்பை அந்த ஃபோல்டரிலேயே வைத்து ஜிப் செய்தால் அனுமதி இல்லை என்று சொல்லும். டெஸ்க்டாப்புக்கு நகலெடுத்துவிட்டு ஜிப் செய்யுங்கள். ஒரு டம்ப் போதாது, மூன்று நான்கு வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே டிரைவர் என்றால் அதன் மேல் சந்தேகம் உறுதி. ஒவ்வொன்றும் வேறு வேறு ஸ்டாப் கோடு, வேறு வேறு டிரைவர் என்றால் ரேமைப் பாருங்கள். அதற்கு மெம்டெஸ்ட்86+ என்ற ரேம் சோதனைக் கருவி: யுஎஸ்பியிலிருந்து பூட் செய்து நான்கு பாஸ் (முழுச் சுற்று). ஒரு பிழை வந்தாலும் தோல்விதான், "இரண்டே பிழைதானே" என்று விடக்கூடாது. பிழை வந்தால் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) அணைத்து மறுபடி, பிறகு ஒரு ரேம் குச்சியை மட்டும் மாட்டி மறுபடி.

புளூஸ்கிரீன்வியூ, மினிடம்பைப் படித்துக் காட்டும் சின்ன, இலவசக் கருவி. ஸ்டாப் கோடைப் பட்டியலிட அருமை, குற்றவாளியைச் சொல்வதில் சுமார். பாதி நேரம் விண்டோஸ் கெர்னல் கோப்பின் மேலேயே பழி போடும். விழுந்த இடம் அதுவாக இருக்கலாம், தள்ளிவிட்டவர் வேறு. அதன் படத்தைப் போடாதீர்கள், டம்ப் கோப்பையே கொடுங்கள். விண்டிபிஜி (டம்ப் கோப்பை ஆராயும் மைக்ரோசாஃப்ட் கருவி) தெரிந்தவர் பிரித்துப் பார்ப்பார். ஆனால் பெரிய மெமரி டம்ப் கோப்பைப் பொதுவில் ஏற்றாதீர்கள், பாஸ்வேர்டு உட்பட நினைவகத்தில் இருந்ததெல்லாம் அதில் கிடக்கலாம்.

கணினி தேங்கித் தேங்கி ஓடினால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் மென்பொருள். "குட்" என்ற நீலப் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். சாட்டா டிஸ்கில் கெட்டுப்போன, சந்தேகமான இடங்களைச் சொல்லும் 05, சி5, சி6 வரிகளின் ரா மதிப்பு பூஜ்யமாக இருக்க வேண்டும். அவை வழக்கமாகப் பதினாறின் முறையில் தெரியும், 10 என்று இருந்தால் 16 என்று பொருள். சி5 ஏறிக்கொண்டே போனால் கேள்வி கேட்பதற்கு முன் பேக்கப். சி7 (தரவு கடத்தும்போது வரும் பிழை) ஏறினால் பெரும்பாலும் டிஸ்க் அல்ல, கேபிள்தான். கேபிளை மாற்றிய பிறகு எண் குறையாது, ஏறாமல் நிற்கிறதா என்று பாருங்கள். எடிட் மெனுவில் காப்பி கொடுத்து எழுத்தாக ஒட்டலாம், சீரியல் எண் வரியை மட்டும் நீக்கிவிடுங்கள்.

அப்டேட் தோல்விக்குப் பிழை எண் மட்டும் போதாது. 80070643 என்பது "நிறுவல் தோற்றது" என்ற பொதுவான முணுமுணுப்பு. டாட்நெட் அப்டேட்டுக்கும் அதே எண். 2024 ஜனவரியில் விண்டோஸ் 10க்கு வந்த கேபி5034441 (கேபி எண் என்பது அப்டேட்டின் அடையாள எண்) இதே எண்ணைக் காட்டியது, காரணமோ ரெகவரி பார்ட்டிஷனில் போதிய இடம் இல்லாதது. கேபி எண்ணைச் சேர்த்து எழுதியவருக்குப் பார்ட்டிஷனை நீட்டும் வழி கிடைத்தது. எழுதாதவருக்கு விண்டோஸை மாற்றிப் போடச் சொன்னார்கள்.

இவ்வளவும் கையில் இருந்தால் கேள்வி தானாக உருவாகும்: "விண்டோஸ் 11 24எச்2, 16 ஜிபி ரேம். கேம் ஓடும்போது மட்டும் ஸ்டாப் கோடு 116, வாரம் நான்கு முறை. கிராஃபிக்ஸ் டிரைவர் புதுப்பித்த மறுநாளிலிருந்து. பழைய டிரைவருக்குத் திரும்பியும் ஒருமுறை வந்தது. நான்கு மினிடம்ப் இணைப்பில்." விண்டோஸைத் தமிழில் வைத்திருப்பவர்கள் பிழைச் செய்தியைத் தாங்களே ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க வேண்டாம், எண்ணை அப்படியே எழுதினால் போதும்.

யாராவது "திரையைக் காட்டுங்கள், நானே சரிசெய்கிறேன்" என்றால், தெரிந்தவருக்கு மட்டும் குயிக் அசிஸ்ட், தொலைவிலிருந்து திரையைப் பகிரும் விண்டோஸ் கருவி. கன்ட்ரோல், விண்டோஸ் கீயுடன் கியூ அழுத்தினால் திறக்கும். குறியீடு உதவுபவரிடமிருந்து வரும், அவர்தான் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைய வேண்டும். நீங்கள் கேட்காமலே அழைத்து "உங்கள் கணினியில் வைரஸ்" என்று குறியீடு சொல்பவர் திருடர். 2024இல் இதே கருவியை வைத்து ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும்) கும்பல் புகுந்ததை மைக்ரோசாஃப்டே எச்சரித்திருக்கிறது. ஏமாந்து உள்ளே விட்டுவிட்டால் நெட்டைத் துண்டியுங்கள், வேறொரு கருவியிலிருந்து வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். பணம் போயிருந்தால் இந்தியாவில் 1930க்கு உடனே அழையுங்கள்.