பார்வையற்ற பயணியும் ஜிபிஎஸ்ஸும்: பல வருடப் பழக்கத்தில் தெரிந்தவை

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். வங்கியில் வேலை. குரோம்பேட்டையில் வீடு, நுங்கம்பாக்கத்தில் அலுவலகம். நோக்கியா பட்டன் போன் காலத்திலிருந்து ஜிபிஎஸ்ஸோடு பழக்கம். புதிதாக வெள்ளைக்கோல் பிடித்துத் தனியாகக் கிளம்பும் தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, மேப் போட்டுட்டு எங்க வேணா போயிடலாமா?"

போகலாம். ஆனால் அவர்கள் நினைத்திருப்பது நடைப்பயணம். என் அனுபவத்தில் ஜிபிஎஸ் நமக்கு அதிகம் கைகொடுப்பது வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும்போதுதான். இதைப் புரிந்துகொள்ள எனக்கே கொஞ்ச காலம் பிடித்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

டவுன் பஸ்ஸில் எனக்குப் பதற்றம் தருவது ஏறிய பிறகு இருக்கும் நேரம். போரூரில் அக்கா வீடு. நுங்கம்பாக்கத்திலிருந்து ஆற்காடு சாலை வழியாகப் போக வேண்டும். கோடம்பாக்கம் மேம்பாலம் ஏறி இறங்கினால் அடுத்தது லிபர்ட்டி, அப்புறம் பவர் ஹவுஸ், வடபழனி, விருகம்பாக்கம், ஆழ்வார்திருநகர், வளசரவாக்கம் என்று வண்டியின் ஏற்ற இறக்கத்தையும் திருப்பங்களையும் உடம்பிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். கண்டக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைப்பேன். கூட்டம் ஏறிவிட்டால் அவருக்கு டிக்கெட் கிழிக்கவே நேரம் இருக்காது, என் ஸ்டாப் எப்படி ஞாபகம் இருக்கும்? மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைக்காகச் சாலையைத் தோண்டி வண்டிகளைப் பக்கத்துத் தெருக்களில் திருப்பிவிட ஆரம்பித்ததும் அந்த மனப்பாடமும் உதவாமல் போனது.

இப்போது பஸ்ஸில் ஏறியதும் கூகுள் மேப்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைப் போட்டு, கார் ஓட்டுபவருக்கான வழிகாட்டுதலைத் தொடங்கிவிடுவேன். "இடப்பக்கம் திரும்பவும்" என்று அது சொல்வதை நான் கண்டுகொள்வதில்லை, வண்டி என் சொல்லைக் கேட்டா திரும்பப் போகிறது? எனக்கு வேண்டியது மீதமிருக்கும் தூரம். அதை, திரையில் இருப்பதைக் குரலில் வாசிக்கும் ஆண்ட்ராய்டு வசதியான டாக்பேக் படித்துக் காட்டும். 3 கிலோமீட்டர், 1.2, 600 மீட்டர் என்று குறைந்துகொண்டே வரும்போது பையை எடுத்து மாட்டி, கோலை விரித்து, வாசல் பக்கம் நகர்ந்துவிடலாம். வண்டி எந்தத் தெருவில் சுற்றினாலும் கவலையில்லை. பொதுப் போக்குவரத்து முறையில் போட்டால், இறங்கும் இடம் நெருங்கும்போது அறிவிக்கும் வசதியை கூகுள் 2017 இறுதியிலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் தூரத்தை நானே கேட்டுக்கொள்வதுதான் எனக்கு நம்பிக்கை.

மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2022 இறுதியில் சில பேருந்துகளில் ஜிபிஎஸ் உதவியோடு நிறுத்தங்களை அறிவிக்கத் தொடங்கியது. அந்த வண்டி கிடைத்தால் நான் போனையே எடுப்பதில்லை. பார்வையுள்ளவர்களும் அந்தக் குரலைக் கேட்டு எழுந்து நிற்கிறார்கள். எல்லாருக்கும் பயன்படுகிற இப்படிப்பட்ட ஏற்பாடு, எனக்கு மட்டும் என்று செய்யப்படுகிற எதையும்விட உயர்ந்தது என்று உறுதியாக நம்புகிறேன். ஒரு குறை உண்டு. அது உள்ளே இருப்பவர்களுக்கான குரல். நிறுத்தத்தில் வந்து நிற்கும் மூன்று வண்டிகளில் என்னுடையது எது என்று வெளியே நிற்கும் எனக்குத் தெரிய வேண்டும். 'சென்னை பஸ்' செயலி வண்டி நெருங்குவதைச் சொல்லும், அதற்கு மேல் பக்கத்தில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும்.

ரயிலுக்கு 'வேர் இஸ் மை ட்ரெயின்' போதும். ஜிபிஎஸ் கிடைக்காவிட்டாலும் செல்போன் கோபுரங்களை வைத்தே ரயில் எங்கே போகிறது என்று கணிக்கும், இணையமும் தேவையில்லை, தமிழிலும் உண்டு. ஊருக்குப் போகும் இரவு ரயிலில் திண்டுக்கல்லுக்கு அலாரம் வைத்துவிட்டுத் தூங்குகிறேன். முன்பெல்லாம் திருச்சி தாண்டியதும் தூக்கம் போய்விடும். எதிர் பெர்த்காரரை எழுப்பிக் கேட்க மனசும் வராது. இந்த ஒரு செயலிக்காகவே ஸ்மார்ட்போன் வாங்கலாம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, நடைக்கு வருவோம்.

திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண போனின் ஜிபிஎஸ் ஏறத்தாழ 5 மீட்டர் பிசகலாம். அதாவது 16 அடி. என் கோல் எட்டும் தூரம் 4 அடி. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திறந்த சாக்கடை, நிறுத்தி வைத்த பைக், தோண்டிய குழி, கடை வாசல் படி எல்லாம் இருக்கின்றன. காரில் போகிறவருக்கு 16 அடி ஒன்றுமே இல்லை, கண்ணால் பார்த்து நிறுத்திக்கொள்வார். நமக்கு அது சாலையின் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்கிற பெரிய கேள்வி. உயரமான கட்டடங்களுக்கு நடுவே, சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால் பிழை இன்னும் கூடும். எல்5 என்ற இரண்டாவது அலைவரிசையையும் வாங்கும் போன்கள் 2018 முதல் வருகின்றன. அப்படி ஒன்றுக்கு மாறியபின் நுங்கம்பாக்கத்துச் சந்துகளில் எனக்கு வித்தியாசம் தெரிந்தது. போன் வாங்கும்போது இதையும் விசாரியுங்கள்.

இன்னொன்று திசை. "வடக்கு நோக்கிச் செல்லவும்" என்று மேப் ஆரம்பிக்கும். நின்ற இடத்தில் நிற்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறீர்கள் என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது. நகர்ந்தால்தான் தெரியும். போனில் இருக்கும் திசைகாட்டி, பக்கத்தில் இரும்பு இருந்தால் குழம்பிவிடும். அதனால் நான் முதலில் போக்குவரத்துச் சத்தத்தை இடது காதிலோ வலது காதிலோ நிறுத்திக்கொண்டு, பாதுகாப்பான தளத்தில் கொஞ்ச தூரம் நடந்து பார்ப்பேன். தூரம் குறைகிறதா கூடுகிறதா என்று கேட்டால் போகும் திசை சரியா தவறா என்று தெரிந்துவிடும். காலை வேளையில் முகத்தில் வெயில் பட்டால் கிழக்கு. இதெல்லாம் நடமாட்டப் பயிற்சியில் கற்றுத்தருவதுதான். அந்தப் பயிற்சி இல்லாமல் ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பிக் கிளம்ப வேண்டாம் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். ஐஐடி டெல்லி உருவாக்கி 2014இல் வெளிவந்த ஸ்மார்ட்கேன் போன்றவை முழங்காலுக்கு மேலே இருக்கும் தடைகளை அதிர்வால் உணர்த்தும். அது வேறு வேலை, ஜிபிஎஸ் வேறு வேலை.

நடையில் எனக்கு உண்மையாகப் பயன்பட்டது, நானே குறித்து வைத்துக்கொண்ட இடங்கள். இந்தப் பழக்கம் லோட்ஸ்டோன் காலத்தில் வந்தது. கனடாவைச் சேர்ந்த பார்வையற்ற நிரலாளர்கள் நோக்கியா போன்களுக்காக எழுதி இலவசமாகத் தந்த மென்பொருள் அது. அதில் வரைபடமே கிடையாது. ஒரு இடத்தில் நின்று பெயர் கொடுத்துச் சேமித்தால், அடுத்த முறை நெருங்கும்போது பெயரையும் தூரத்தையும் சொல்லும். வங்கி வாசல், பால் பூத், சாலையைக் கடக்க வசதியான இடம் எல்லாவற்றையும் அதில் குறித்திருந்தேன்.

இப்போது அதே வேலைக்கு வாட்ஸ்அப்பைப் பயன்படுத்துகிறேன். மேப்ஸின் வரைபடத்தில் விரலால் ஒரு புள்ளியைத் தொட்டுக் குறிப்பது டாக்பேக்கில் எரிச்சலான வேலை. வாட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பப் போனால், இத்தனை மீட்டர் துல்லியம் என்று ஒரு எண் வரும், டாக்பேக் படிக்கும். அந்த எண் குறையும்வரை நின்று, எனக்கே அனுப்பிக்கொண்டு, கீழே "பல் டாக்டர் கேட், இரண்டு படி" என்று எழுதி வைத்துவிடுவேன். அடுத்த முறை அந்தச் செய்தியைத் தட்டினால் மேப்ஸ் திறந்து அங்கேயே கூட்டிப்போகும். முகவரியைத் தேடிப் போனால் கட்டடத்தின் பின்பக்கத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தும் தொல்லை இதில் இல்லை. பாரதியார் தெரு என்று தேடினால் ஊருக்கு நாலு வரும் சென்னையில் இது பெரிய நிம்மதி.

செயலிகளை நம்பி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐபோன் நண்பர்கள் கொண்டாடிய சவுண்ட்ஸ்கேப்பை மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்து 2023இல் நிறுத்திவிட்டது. போக வேண்டிய திசையிலிருந்தே ஒலி வருவது போல ஹெட்போனில் கேட்கவைத்த அருமையான கருவி. நல்லவேளையாக அதன் நிரலைப் பொதுவில் விட்டார்கள், வாய்ஸ்விஸ்டா போன்றவை அதிலிருந்து வளர்ந்தன. ஆண்ட்ராய்டில் நான் வைத்திருப்பது சிலி நாட்டில் உருவான லசரில்லோ. நடக்க நடக்கப் பக்கத்தில் இருக்கும் கடை, கோயில், நிறுத்தம் என்று சொல்லிக்கொண்டே வரும். புது இடத்தைச் சுற்றிப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இங்கே ஒரு பேக்கரி இருக்கிறது என்று யாரையும் கேட்காமல் தெரிந்துகொண்டு, தோன்றினால் உள்ளே போய் ஒரு பஃப்ஸ் சாப்பிட்டுவிட்டு வரும் சுதந்திரம் பார்வையுள்ளவர்களுக்குச் சாதாரணமாகத் தெரியலாம். எனக்கு அது இன்னும் சந்தோஷம் தருகிறது.

ஆட்டோ, டாக்ஸி செயலிகளில் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி சாலையின் எதிர்ப்பக்கம் விழுந்துவிடுவது தீராத தலைவலி. நடுவில் தடுப்புச் சுவர் இருந்தால் ஓட்டுநர் சுற்றி வர வேண்டும், சிலர் கோபித்துக்கொண்டு ரத்து செய்துவிடுவார்கள். பதிவு செய்ததும் "பார்வையற்றவன், வெள்ளைக்கோலோடு மருந்துக்கடை வாசலில் நிற்கிறேன்" என்று செய்தி அனுப்பிவிடுவேன். பெரும்பாலானவர்கள் இறங்கி வந்து கையைப் பிடித்து ஏற்றிக்கொள்கிறார்கள்.

எங்கள் கிராமம் வேடசந்தூர் பக்கம். அங்கே வானம் திறந்து கிடப்பதால் சிக்னல் அருமையாக வரும். ஆனால் வரைபடத்தில் எதுவும் இல்லை. புளியமரத்து ஸ்டாப், ரேஷன் கடை, மாமா வீட்டுத் திருப்பம் எல்லாம் நானே குறித்தவை. இப்போது பஸ்ஸை விட்டு இறங்கி, அம்மா வந்து காத்திருக்காமலே வீடு போய்ச் சேர்கிறேன்.

சாமான்கள் விஷயத்தில் சுருக்கமாக: காதை மூடாமல் எலும்பு வழியே ஒலி கடத்தும் ஹெட்போன் கட்டாயம், முடியாவிட்டால் ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள். போன் சட்டைப் பைக்குள்ளேயே இருக்கட்டும். பவர் பேங்க் வேண்டும். மழையில் நனைந்த திரை விரலுக்குக் கட்டுப்படாது, கிளம்பும் முன்பே வழியைப் போட்டுவிடுங்கள்.

பார்வையுள்ள நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நான் சொன்ன செயலிகளில் சில ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து தகவல் எடுக்கின்றன. அது யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய வரைபடம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற ஆண்ட்ராய்டு செயலியை நிறுவிக்கொண்டால், நீங்கள் இருக்கும் இடத்தைப் பற்றி எளிய கேள்விகள் கேட்கும்: இந்த நிறுத்தத்தின் பெயர் என்ன, சாலை கடக்கும் இந்த இடத்தில் காலாலும் கோலாலும் தொட்டுணரக்கூடிய மேடுகள் உள்ள தளம் இருக்கிறதா என்பது போல. மாலை நடைக்குப் போகும்போது பதில் சொன்னால் போதும். உங்கள் தெருவில் ஆரம்பியுங்கள்.