கிராங்க்பெய்ட்டுக்கு ஏற்ற தூண்டில் கோல்: மோஜோ பாஸ் கிளாஸ் மதிப்பீடு

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பதற்காகக் கோல் வாங்கக் கடைக்குப் போனால், எடை குறைந்த, நுனி மட்டும் வளைகிற, விறைப்பான கிராஃபைட் கோலைத்தான் பெரும்பாலும் முதலில் கையில் கொடுப்பார்கள். ரப்பர் புழுவையும், கனமான தலையும் ஒற்றை முள்ளும் உள்ள ஜிக்கையும் அடிமண்ணில் நகர்த்திப் பிடிப்பவர்களுக்கு அது அருமையான கோல். ரீலைச் சுற்றி இழுக்கும்போது, முன்னால் நீட்டிய தகடு போன்ற அலகால் துடித்தபடி நீருக்குள் ஓடும் பொய்யிரைதான் கிராங்க்பெய்ட். அந்தக் கோலையே இதற்கும் பயன்படுத்தினால், கடித்த மீனைப் படகு வரை கொண்டுவந்து பறிகொடுக்க நேரும். இதற்கென்று தனியாக ஒரு கோல் வாங்க நினைப்பவர்களை, செயின்ட் கிராய் நிறுவனம் கண்ணாடியிழையால் செய்யும் மோஜோ பாஸ் கிளாஸ் வரிசையில் 7 அடி 2 அங்குல நீளமும் நடுத்தர வலுவும் உள்ள கோலை முதலில் பார்க்கச் சொல்வேன்.

காரணம் முள்ளில் இருக்கிறது. கிராங்க்பெய்ட்டின் வயிற்றிலும் வாலிலும் தொங்குபவை மெல்லிய கம்பியாலான மும்முனை முட்கள். ஜிக்கின் தடித்த ஒற்றை முள்ளைத் தாடையில் ஏற்றுவதற்குக் கொடுக்கும் வெட்டியிழுப்பு இவற்றுக்குத் தேவையில்லை. உதட்டோரத் தோலில் ஒரு முனை மட்டும் பற்றியிருக்கும்போது அப்படி இழுத்தால் தோல் கிழியும், இல்லையென்றால் முள் நிமிர்ந்துவிடும். பாஸ் மீன் வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து இரையை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடையது. ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பெய்ட் அந்த உறிஞ்சலுக்கு இசைந்து சற்றே பின்வாங்கினால்தான் வாய்க்குள் முழுதாகப் போகும். விறைப்பான கோல் அதற்கு இடம் கொடுக்காது. கடி தெரிந்த நொடியில் கையும் தன்னையறியாமல் சுண்டிவிடும். கண்ணாடியிழைக் கோலோ நடுப்பகுதி வரை மெல்ல வளைந்து, மீன் வாயை மூடுவதற்கான அவகாசத்தைத் தருகிறது. படகருகே மீன் துள்ளித் தலையை உதறும்போதும் அதே வளைவுதான் தூண்டில் நரம்பைத் தளரவிடாமல் காக்கிறது. 1976 முதல் 1990 வரை நான்கு முறை பாஸ்மாஸ்டர் கிளாசிக் என்னும் பாஸ் மீன்பிடிப் போட்டியில் பட்டம் வென்ற ரிக் கிளன், கிராங்க்பெய்ட்டுக்குக் கண்ணாடியிழைக் கோலே உகந்தது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருபவர்.

பழைய கண்ணாடியிழைக் கோல்கள் தடியாகவும் பாரமாகவும் இருந்தன என்பது உண்மை. மோஜோ பாஸ் கிளாஸில் இருப்பது எஸ்-கிளாஸ் எனப்படும் உயர்வகை இழை. சாதாரண இ-கிளாஸைவிட வலுவானது என்பதால் கோலை ஒல்லியாகச் செய்ய முடிகிறது. அப்படியும் கிராஃபைட்டோடு ஒப்பிட்டால் நுனிப்பக்கம் கனக்கத்தான் செய்கிறது. பகல் முழுவதும் வீசினால் மணிக்கட்டு அதை உணரும். அந்தச் சிரமத்தைப் பொறுத்துக்கொள்வது தகும் என்பதே என் கருத்து.

இக்கோலின் அருமை தெரிவது மூழ்கிய மரக்கட்டைகளுக்கு நடுவேதான். ஸ்ட்ரைக் கிங்கின் கேவிடி 1.5 போன்ற சதுர அலகுள்ள பெய்ட்டைக் கட்டையின் மேல் இழுத்துப் பாருங்கள். ஓடும்போது கோலின் நுனி சீராகத் துடித்துக்கொண்டிருக்கும். அலகு மரத்தில் மோதியதும் நுனி ஒரு முறை தலையசைக்கும். பெய்ட் பக்கவாட்டில் சாய்ந்து விலகும். கடி விழுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். திடீரென்று துடிப்பு நின்று நரம்பு கனத்தால், சுண்டாமல் ரீலைச் சுற்றிக்கொண்டே கோலைப் பக்கவாட்டில் இழுத்தால் போதும். 10 கிராம் அளவேயுள்ள ரபாலாவின் டிடி 6 போன்ற பால்சா மரப் பெய்ட்டுகளையும் எதிர்காற்றில் இது நன்றாக வீசுகிறது. இலேசான எடைக்கே நுனி வளைந்து விசை சேர்த்துக்கொள்வதால், கையால் பலமாக வீச வேண்டியதில்லை. 12 பவுண்டு இழுப்பைத் தாங்கும் ஃப்ளூரோகார்பன் நரம்பும், 6:1-க்கு மேற்படாத பற்சக்கர விகிதமுள்ள ரீலும் இதற்குப் பொருத்தம். பின்னல் நரம்பு அநேகமாக நீளாது என்பதால், கோல் தரும் நெகிழ்வில் பாதியை அது பறித்துவிடும்.

ஏறக்குறைய பத்தடி ஆழம் வரை ஓடும் பெய்ட்டுகளுக்கே இந்த அளவுக் கோலைப் பரிந்துரைக்கிறேன். ஸ்ட்ரைக் கிங் 6எக்ஸ்டி ஏறத்தாழ 28 கிராம் எடையுள்ளது, 19 அடி வரை இறங்குவது. அதன் அகன்ற அலகு தண்ணீரைத் தள்ளும் இழுப்பிலேயே நடுத்தரக் கோல் முழுதாக வளைந்துவிடும், மீன் கடித்த பிறகு முள்ளை ஏற்ற வலு மிச்சமிருக்காது. ஆழத்தை எட்டத் தொலைதூரம் வீசவும் வேண்டியிருப்பதால், அதற்கு ஏழரை அடிக்கு மேற்பட்ட, இன்னும் வலுவான கோல் தேவை.

மோஜோ பாஸ் கிளாஸுக்குச் செலவு செய்ய இயலாதவர்கள் அக்லி ஸ்டிக் ஜிஎக்ஸ்2 கோலைத் தயங்காமல் வாங்கலாம். கிராஃபைட்டும் கண்ணாடியிழையும் கலந்து செய்யப்பட்ட அது, கையில் அவ்வளவு நயமாக இல்லாவிட்டாலும், கிராங்க்பெய்ட்டுக்கு வேண்டிய நெகிழ்வைக் குறைந்த விலையில் தருகிறது. நீர்ப்பாசி மண்டிய ஏரிகளில் அலகில்லாத பெய்ட்டை ஓட்டுபவர்கள் மட்டும் இவ்விரண்டையும் தவிர்த்துவிடலாம். பாசியில் சிக்கிய பெய்ட்டை வெடுக்கென்று பிடுங்கியெடுக்க விறைப்பான கோல்தான் வேண்டும்.